காற்று வந்தால் மட்டும் போதுமா?

சீனன்குடாவில் வாழ்கிறவர்களுக்குக் காற்றைப் பற்றி யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. மார்கழியில் கடல் பக்கமிருந்து வாடை வந்து கிடுகு வேலியைச் சாய்த்துவிட்டுப் போகும். வைகாசி பிறந்தால் தரைப் பக்கமிருந்து கச்சான் காற்று கிளம்பும். கொடியில் போட்ட சேலை அரை மணித்தியாலத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். முற்றம் கூட்டி முடிப்பதற்குள் கூட்டிய இடத்திலேயே மறுபடியும் சருகு நிறைந்திருக்கும்.

இந்தக் காற்றுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த எனக்கு, காற்று நமக்காக ஒரு பெரிய வேலையையும் செய்கிறது என்பது தெரியாமலே இருந்தது. அதை எனக்குப் படிப்பித்தது ஒரு வீட்டுத்தோட்டத்தில் நின்ற பதினான்கு சோளன் மரங்கள். அந்தக் கதையைத்தான் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். அதில் என்னுடைய பிழையும் ஒன்று இருக்கிறது.

2022 ஆம் ஆண்டை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. கோதுமை மாவின் விலை ஒவ்வொரு கிழமையும் ஏறிக்கொண்டே போனது. எங்கள் ஊரில் 1980 ஆம் ஆண்டிலிருந்து பிறிமா மாவாலை இருக்கிறது. கோதுமை நம் நாட்டில் விளைவதில்லை. கப்பலில் வந்து இங்கே இறங்கி, மாவாகி நாடு முழுவதும் போகிறது. டொலர் இல்லாமல் நாடு தவித்த அந்த மாதங்களில், மாவாலையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே பிட்டுக்கு மா வாங்க வழியில்லாமல் எத்தனையோ தாய்மார் நின்றார்கள். அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்து, வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று அரசாங்கமே சொன்ன காலம் அது.

நான் வேலை செய்யும் அமைப்பும் அந்த ஜூன் மாதத்தில் விதைகள் கொடுத்தது. பயற்றை, வெண்டி, கத்தரி, அவற்றோடு ஒரு பிடி சோளன். என் பொறுப்பில் பதினெட்டுக் குடும்பங்கள் இருந்தன. அவற்றுள் ஒரு தங்கச்சியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வயது இருபத்தேழு. கணவர் கிடைக்கிற நாளில் கூலி வேலைக்குப் போகிறவர். மாமியும் அவர்களோடுதான். திருமணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை.

வளவு சிறியது. "சோளன் உயரமாக வளரும் தங்கச்சி. நடுவில் நட்டால் மற்றதெல்லாம் நிழலில் வாடிவிடும். கிழக்கு வேலி ஓரமாக ஒரே வரிசையாக ஊன்றிவிடு. நிலமும் மிச்சம், வேலிக்கும் மறைப்பு" என்று நான்தான் சொன்னேன். சமூகவியல் படித்தவள் நான். பயிரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் சொல்லும்போது மிகவும் தெரிந்தவள்போலச் சொன்னேன்.

அவள் நான் சொன்னபடியே செய்தாள். கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளி ஊற்றினாள். மரங்கள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தன. பொத்திகளும் பருத்துத் தெரிந்தன. செப்டெம்பர் தொடக்கத்தில் ஒரு காலை தொலைபேசியில் அழைத்தாள். "மிஸ், ஒருக்கா வந்திட்டுப் போங்கோ" என்றாள். குரல் சரியில்லை.

போய்ப் பார்த்தேன். முற்றத்தில் ஒரு சுளகில் உரித்த பொத்திகள் கிடந்தன. ஒன்றிலாவது மணிகள் ஒழுங்காக இல்லை. இங்கே நான்கு, அங்கே இரண்டு, நடுவெல்லாம் வெறுமை. பல் விழுந்த கிழவியின் வாய்போல இருந்தன. சிலவற்றில் ஒன்றுமே இல்லை. திண்ணையில் இருந்த மாமி என்னைப் பார்த்தே சொன்னார்: "கையில ராசி இருக்க வேணும் மிஸ். இவள்ட கை பட்டால் சோளனும் இப்பிடித்தான். துடக்கு நாளிலயும் தோட்டத்துக்குள்ள போனவள்தானே."

அந்தத் தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் பேசியது சோளனைப் பற்றியல்ல என்பது எங்கள் மூவருக்கும் தெரிந்தே இருந்தது.

அன்று பின்னேரமே நான் கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியரைச் சந்தித்தேன். அவரும் ஒரு பெண். மறுநாள் என்னோடு வந்தார். முதலில் படைப்புழு தின்றிருக்கிறதா என்று பார்த்தார். 2018 ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாட்டுச் சோளச் சேனைகளை அழித்த புழு அது. புழு இல்லை, எச்சமும் இல்லை. பிறகு வரிசையை நடந்து பார்த்துவிட்டு, "யார் இப்படி ஒரே வரிசையாக நடச் சொன்னது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

முளைக்காமல் போன குழிகளில் பிந்தி ஊன்றிய இரண்டு மரங்களில் மட்டும் இன்னும் பச்சைப் பொத்திகள் இருந்தன. அவர் அதில் ஒன்றைப் பறித்தார். மேல்தோலை நுனியிலிருந்து அடிவரை மெதுவாகக் கீறி, உள்ளே இருக்கும் நூல்கள் அறுந்துவிடாமல் உரித்தார். பொத்தியின் நுனியில் குஞ்சம்போலத் தொங்குமே, அந்த நூல்கள்தான். "இப்போது பாருங்கள்" என்று பொத்தியைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். ஒரு நூல்கூட விழவில்லை. எல்லாம் ஒட்டிக்கொண்டே நின்றன.

"விழுந்திருக்க வேண்டும். மகரந்தம் சேர்ந்து கருக்கட்டிய இடத்தில் நூலுக்கு வேலை முடிந்துவிடும், இரண்டு மூன்று நாளில் தானாகக் கழன்றுவிடும். இதில் ஒன்றும் சேரவில்லை" என்றார்.

அவர் அன்று அந்தத் திண்ணையில் இருந்து சொன்னதை என் வார்த்தையில் தருகிறேன்.

சோளனில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே மரத்தில் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. உச்சியில் துடைப்பம்போல விரிந்து நிற்பது ஆண்பூ. இடுப்பில் இருக்கும் பொத்தி பெண்பூக்களின் கூட்டம். பொத்தியின் ஒவ்வொரு நூலும் உள்ளே ஒரு மணிக்குரிய சூலோடு தொடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு பொத்தியில் ஐந்நூறு மணி வர வேண்டுமானால், ஐந்நூறு நூலிலும் தனித்தனியே ஒவ்வொரு மகரந்தமணியாவது வந்து விழ வேண்டும். எந்த நூலுக்கு மகரந்தம் கிடைக்கவில்லையோ, அந்த இடம் பொக்கையாகிவிடும். நாம் கடித்துத் தின்னும் பொத்தியில் ஒவ்வொரு மணியும் அப்படி வந்ததுதான்.

இந்த மகரந்தத்தைக் கொண்டுவருவது தேனீயல்ல, வண்ணத்துப்பூச்சியல்ல. காற்றுத்தான். ஒரு மரத்தின் உச்சிப்பூவில் பல இலட்சம் மகரந்தமணிகள் உண்டாகும். அவற்றில் பெரும்பாலானவை மரத்தைச் சுற்றிச் சில பாக தூரத்துக்குள்ளேயே விழுந்துவிடும். பெரும்பாலும் ஆண்பூ முந்திவிடும். பெண்பூவின் நூல் வெளியே வருவதற்கு ஓரிரு நாள் முன்பே மகரந்தம் கொட்டத் தொடங்கிவிடும். அதனால் ஒரு மரத்துக்கு அதன் சொந்த மகரந்தம் போதாது. பக்கத்து மரத்தினதும் வேண்டும். நாலு பக்கமும் மரம் நின்றால் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் ஒன்றினது மற்றொன்றில் விழும்.

நாங்கள் நட்டதோ ஒரே வரிசை. அதுவும் கிழக்கு வேலி ஓரம். கச்சான் காற்று மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து வருவது. வந்த காற்று வரிசைக்குக் குறுக்கே பாய்ந்து, மகரந்தம் முழுவதையும் வேலிக்கு அப்பால் ஒழுங்கையில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டது. போதாததற்கு அந்தக் காற்றின் சூடும் வரட்சியும். சூடான காய்ந்த காற்றில் சோள மகரந்தம் ஓரிரு மணித்தியாலத்துக்குள் உயிர்விட்டுவிடும். நூலும் கருகிவிடும்.

"காற்று வந்ததுதான். ஆனால் கொண்டுவருவதற்குப் பதிலாகக் கொண்டுபோய்விட்டது" என்றார் போதனாசிரியர்.

எனக்குப் பூமிக்குள் புதைந்துவிடலாம்போல இருந்தது. நான் அரைகுறையாகச் சொன்ன ஒரு வார்த்தைக்கு, இன்னொரு பெண் "ராசியில்லாதவள்" என்ற பெயரைச் சுமந்திருக்கிறாள். மாமியின் முன்னாலேயே சொன்னேன்: "அம்மா, பிழை என்னுடையது. இவள் நான் சொன்னபடிதான் நட்டாள். துடக்குக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

மாமி சற்று நேரம் பேசவில்லை. பிறகு போதனாசிரியரைப் பார்த்து, "அப்ப இது பூசணி மாதிரித்தானே பிள்ள? நாங்கள் காலமையில ஆண்பூவைப் பிச்சுப் பெண்பூவில தொட்டுவிடுவம்" என்றார். "அதேதான் அம்மா. பூசணிக்குத் தேனீ வரும், வராவிட்டால் நீங்கள் தொடுவீர்கள். இதற்குக் காற்று. காற்று செய்யாவிட்டால் நாம் மரத்தை உலுக்கலாம்" என்றார் அவர். நான் படித்துப் பெற்ற பட்டத்தைவிட அந்த அம்மாவின் பூசணி அறிவு அன்று கூடுதலாக உதவியது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அன்றிலிருந்து நான் காற்றை நம்பும் செடிகளைத் தேடிப் பார்க்கத் தொடங்கினேன். பூக்கும் தாவரங்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான் காற்றினால் மகரந்தச் சேர்க்கை அடைகிறதாம். அவற்றை அடையாளம் காண்பது எளிது. மல்லிகைபோல வாசம் இராது, செவ்வரத்தைபோல நிறம் இராது, தேனும் இராது. யாரையும் கூப்பிட வேண்டிய தேவை இல்லையே! அந்தச் சத்தையெல்லாம் அவை மகரந்தத்தை அதிகமாக உண்டாக்குவதில் செலவிடுகின்றன. அந்த மகரந்தம் மிக நுண்ணியது, உலர்ந்தது, காற்றில் மிதக்கக்கூடியது. பெண்பூவின் குறி இறகுபோலவோ நூல்போலவோ வெளியே நீண்டு, பறந்து வருவதைப் பிடித்துக்கொள்ளும்.

அதனால்தான் இவை பூப்பதை நாம் கவனிப்பதே இல்லை. இவற்றின் பூவைப் பெரும்பாலும் எவரும் பூச்சட்டியில் வைப்பதில்லை, தலையில் சூடுவதுமில்லை. கடற்கரைச் சவுக்கு மரம் அப்படி ஒன்று. களப்போரத்தில் தாங்குவேர் ஊன்றி நிற்கும் கண்டல் பெரும்பாலும் காற்றையே நம்புகிறது. அதே களப்பில் நிற்கும் கண்ணாவுக்குத் தேனீ வேண்டும். வளவில் முளைக்கும் அறுகும் கோரையும் காற்றின் பிள்ளைகள்தான்.

அறுகின் குடும்பத்தைச் சேர்ந்தவைதான் நெல்லும், கோதுமையும், குரக்கனும், இறுங்கும். கப்பலில் வந்து சீனன்குடாவில் இறங்கும் கோதுமையும், பக்கத்திலே தம்பலகாமத்து வயலில் விளையும் நெல்லும் ஒரே குடும்பத்துப் புற்கள். இவை இரண்டும் சோளனைப்போல முழுவதும் காற்றை நம்பியிருப்பவை அல்ல. பெரும்பாலும் தன் பூவின் மகரந்தமே தன் பூவில் விழுந்துவிடும். ஆனாலும் நெற்பூவும் நிறமின்றி, வாசமின்றி, காற்றில் ஆடும் கேசரங்களோடு காற்றுப் பூவாகவே இருக்கிறது. காலையில் சிறிது நேரமே திறந்து மூடிவிடும். அந்த நேரத்தில் வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு மணி பதராகிவிடும் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். வெயில் ஆண்டுக்காண்டு ஏறிவரும் இக்காலத்தில் நம் விவசாயக் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. பதர் கூடிப்போன வயலுக்கும் எந்தப் பெண்ணின் துடக்கும் காரணமல்ல.

பனையையும் சொல்ல வேண்டும். பனையில் ஆண் வேறு மரம், பெண் வேறு மரம். பூக்கும்வரை, அதாவது பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுவரை, எது எது என்று தெரியாது. ஆண்பனையின் மகரந்தத்தைக் காற்றும் சிறு பூச்சிகளும் பெண்பனைக்குக் கொண்டுசேர்க்கின்றன. நம் முன்னோருக்கு இந்த ஆண், பெண் வேறுபாடு நன்றாகத் தெரிந்திருந்தது. திருவோத்தூரில் ஓர் அடியார் கோயிலுக்கென்று வளர்த்த பனைகள் எல்லாம் ஆண்பனையாகிவிட, பிறர் அவரை எள்ளினார்கள் என்றும், திருஞானசம்பந்தர் பதிகம் பாட அவை பெண்பனையாகிக் காய்த்தன என்றும் பெரியபுராணம் சொல்கிறது. நம் கோணேசர்மீதும் பதிகம் பாடியவர் அவர்.

சிறு வயதில் கேட்ட இந்தக் கதை அன்று அந்தத் திண்ணையில் எனக்கு நினைவு வந்தது. புராணத்தைக் குறை சொல்ல அல்ல. காய்க்காத பனையைக் கண்டால், இது ஆணா பெண்ணா, பக்கத்தில் ஆண்பனை இருக்கிறதா என்றெல்லாம் விசாரிக்கத் தெரிந்த சமூகம் நம்முடையது. வீட்டுக்குள் ஒரு குழந்தை பிறக்கவில்லை என்றால் மட்டும் அந்த விசாரணை ஏன் நடப்பதில்லை? நேராகப் பெண்ணிடம் விரல் நீண்டுவிடுகிறதே?

மனிதரும் சோளனும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஒரு பெண்ணின் மதிப்பு அவள் பெறும் பிள்ளையில் இல்லை என்பதையும் இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியிருக்கிறேன். ஆனால் காரணம் தெரியாமல் பழி போடும் பழக்கம் இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, வளர்ந்தோரில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் குழந்தைப்பேற்றுத் தடையைச் சந்திக்கிறார். இத்தகைய தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம், முழுவதுமாகவோ பகுதியாகவோ, ஆணின் பக்கத்திலும் காரணம் இருக்கிறது என்பது மருத்துவர்கள் நன்கு அறிந்த விடயம். ஆணுக்குச் செய்யும் முதற் பரிசோதனை மிக எளிது. அப்படியிருந்தும் பெண் ஐந்து வைத்தியரைப் பார்த்து, பத்துக் கோயிலுக்கு நேர்ந்து முடித்த பின்னும், கணவர் ஒருமுறைகூடப் போயிராத வீடுகள் என் பொறுப்பில் மட்டும் மூன்று இருந்தன. இந்த வீடும் அதில் ஒன்று.

அடுத்த முறை அந்தத் தங்கச்சி 2023 ஜனவரி கடைசியில், மழை ஓய்ந்த பிறகு ஊன்றினாள். இந்த முறை வேலியோரம் அல்ல, வளவின் நடுவில், பாய் விரித்ததுபோலச் சதுரமாக. ஐந்து வரிசை, வரிசைக்கு எட்டு மரம். பூத்தது பங்குனியில். கச்சான் இன்னும் தொடங்கவில்லை. சித்திரை வருடப்பிறப்புக்கு நான் போனபோது அவித்த பொத்தி ஒன்றைக் கையில் தந்தாள். நுனியில் ஒரு விரற்கடை தவிர மணி நிறைந்திருந்தது.

வீட்டுத்தோட்டத்தில் சோளன் நடும் சகோதரிகள் கீழ்க்கண்டவற்றைக் கவனித்தால் என் பிழை உங்களுக்கு நேராது.

ஒரே வரிசையாக நட வேண்டாம். ஒரேயளவு விதையானாலும் நாலைந்து குறுகிய வரிசைகளாக, சதுரமாக நடுங்கள். வரிசைக்கு வரிசை இரண்டடி, மரத்துக்கு மரம் ஓரடி போதும்.

எல்லா விதையையும் ஒரே நாளில் ஊன்றுங்கள். பிந்தி ஊன்றிய மரம் பூக்கும்போது மற்றவற்றின் மகரந்தம் தீர்ந்திருக்கும்.

பூக்கும் காலத்தில் தண்ணீரைக் குறைக்காதீர்கள். நூல் காய்ந்தால் மகரந்தம் வந்தும் பயனில்லை.

காற்றில்லாத நாட்களில், பனி உலர்ந்த பிறகு, காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் மரத்தைப் பிடித்து மெல்ல உலுக்குங்கள். மஞ்சள் தூள் கொட்டுவது கண்ணுக்கே தெரியும். மரம் குறைவாக இருந்தால் உச்சிப்பூவில் ஒரு கிளையை ஒடித்து, மற்ற மரங்களின் நூல்மீது தடவிவிடலாம். நூல் வெளிவந்த நாளிலிருந்து ஒரு கிழமைவரை இப்படிச் செய்யுங்கள்.

விதைக்கு வைப்பதானால், பக்கத்து வளவில் வேறு இனச் சோளன் ஒரே காலத்தில் பூக்கிறதா என்று பாருங்கள். காற்றுக்கு வேலி தெரியாது. கலந்த விதைதான் கிடைக்கும். இரண்டு வீட்டாரும் கதைத்து, மூன்று நான்கு கிழமை முன்பின்னாக ஊன்றுவது நல்லது.

வேலைக்குப் போகிற என்னைப் போன்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லாதிருப்போம். நாம் கையேட்டை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். பழியைச் சுமப்பது அங்கே இருப்பவள்தான்.

அந்த வீட்டு மாமி என்னிடமோ மருமகளிடமோ மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. கேட்பார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அன்று பக்கத்து வீட்டுக்கு நாலு பொத்தி கொடுத்தனுப்பும்போது, "என்ட மருமகள் நட்டது" என்று அவர் சொன்னது உள்ளே இருந்த எனக்கும் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும்.

நான் புறப்படும்போது அவள் படலைவரை வந்தாள். "மிஸ், வாற கிழமை கிளினிக்குக்கு அவரும் வாறன் எண்டு சொல்லியிருக்கிறார்" என்றாள். ஆறு வருடத்தில் அது முதல் முறை. அவர்கள் போனார்களா, வைத்தியர் என்ன சொன்னார் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அவர்கள் இருவருடைய விடயம். இருவருடையது என்று ஆனதே எனக்குப் போதும்.